நாளை மூன்றாவது ஓலை, இன்று உன் நாடகம்

பாப்பா,

கல்யாணம் ஆகப்போகிறவளைப் பாப்பா என்று கூப்பிடாதே என்று நீ சொல்லத்தான் போகிறாய். சொல்லிக்கொள். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ பிரிப்பதற்குள் நாடக மண்டபத்தைவிட்டு வெளியே போய்விடுவேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்துவாய், பதிலுக்கு நான் கத்துவேன், நடுவில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைத்தாகிவிட்டதா என்று ஆரம்பித்துவிடுவாள். வேலை பார்த்த காலம் முழுக்கத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொன்னேன். சொந்த மகளிடம் ஒரு விஷயத்தை எப்போது சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அம்மா மோர் வைத்துவிட்டுப் போகிறாள். கரண்ட் இல்லை. பேனா பிடித்த கை வியர்த்து எழுத்தெல்லாம் ஊறுகிறது, பொறுத்துக்கொள்.

என் பயம் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மாலை விழுப்புரத்தில் உன் நாடகம். நாளை ஞாயிறு, காலைப் பூசையில் நம் மாதா கோயிலில் உன் கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலை வாசிக்கிறார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சபையைக் கேட்பது நம் வழக்கம். கேட்பார்களே தவிர, யாரும் எழுந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் சனங்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, கல்யாணத்தில் பிரியாணி போடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு ஒருவர் எழுந்திருப்பார் என்றுதான் பயப்படுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கிளியனூரிலிருந்து பூசைக்கு வருகிறார்கள். அவர்கள் காதுபட யாராவது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டால், அப்புறம் அந்தக் கல்யாணம் நடக்குமா, நடந்தாலும் அந்த வீட்டில் உன்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? இரண்டு நாளாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். சோறு இறங்கவில்லை.

முதலில் இந்த நாடகத்தைப் பற்றி நீ சொன்னபோது எனக்கு எந்தப் பயமும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் விடுமுறையில் சும்மா இருக்காமல் நாடகம் போடுகிறாள், நல்லதுதானே என்று நினைத்தேன். முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம் என்றாய். ரயில்வே காலனியிலிருந்து ஒருவர் ஆர்மோனியம், அவருடைய நண்பர் ஒருவர் கிதார், உன் பள்ளி ஆசிரியர்கள் நடிப்பு. கதையையும் சொன்னாய். இத்தாலி நாட்டில் ஒரு கிழவர். அவர் பெயர் இன்றுவரை என் வாயில் ஒழுங்காக வரவில்லை, நான் கிழவர் என்றே சொல்கிறேன். தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதினார். திருச்சபை அவரைக் கூண்டில் ஏற்றியது. சொன்னது தப்பு என்று முழங்கால் போட்டுச் சொல், இல்லையென்றால் தண்டனை என்றார்கள். கிழவர் முழங்கால் போட்டார். தப்பு என்று சொன்னார். சாகிறவரை வீட்டுச் சிறையில் இருந்தார்.

"இது சாமியாருங்களுக்குக் கோவம் வராதா பாப்பா?" என்று கேட்டேன்.

"ரோமாபுரியே அது எங்க தப்புன்னு ஒத்துக்கினு எவ்ளோ வருஷம் ஆவுதுப்பா. நான் ஸ்கூல்ல படிக்கும்போதே எங்க சிஸ்டர் சொன்னாங்க. நீ வேற" என்றாய்.

நானும் விட்டுவிட்டேன். கிழவர் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிறது, எவனோ எவரையோ கூண்டில் ஏற்றினான், திண்டிவனத்துக்காரனுக்கு என்ன வந்தது? உண்மையில் நம் கோயிலில் யாரும் அந்தக் கதைக்காகக் கோபப்படவும் இல்லை. கோபம் வந்தது வேறொன்றுக்காக. அதை முதலில் கேட்டவன் நான்தான், கேட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் விழுப்புரத்துக்கு உன் ஒத்திகை பார்க்க வந்தேன் அல்லவா? அம்மா கொடுத்த வறுத்த மல்லாட்டையை உரித்துத் தின்னச் சொல்லி உங்கள் குழுவுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விசாரணைக் காட்சி. பெரிய நீதிபதியாக, நீ கூட்டிவந்திருந்த நம் கோயில் பாட்டுக்குழுப் பையன் நின்றான். ஆர்மோனியத்தில் முதல் வரி வாசித்ததும் எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது என் பாட்டு. ஒலக்கூர் பக்கம் நம் பூர்வீக ஊரில் தவக்காலம்தோறும் போடும் பாஸ்கா நாடகத்தில், இயேசுவைக் கொல்லச் சொல்லும் தலைமைக் குரு பாடுகிற மெட்டு. கீழே, அடித்தொண்டையில் ஆரம்பித்து, ஏறுகிற மாதிரி ஏறி, மறுபடி கீழேயே வந்து நிற்கும். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேஷத்தை நான்தான் கட்டினேன். அந்த மெட்டில் நீ புது வார்த்தை போட்டிருந்தாய்.

குனிஞ்சா வீடு இருக்கு பெரியவரே,
நிமிர்ந்தா நெருப்பு இருக்கு.

வார்த்தையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மெட்டு நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு என்ன என்று உனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைகள் சண்டையில் ஒருவனை ஒருவன் துரோகி என்று சொல்ல அதைத்தான் ராகம் போட்டுக் காட்டும். யாராவது அநியாயமாகப் பேசினால் பெண்கள் அதை முணுமுணுத்துச் சிரிப்பார்கள். அந்த மெட்டைக் கொண்டுபோய்ச் சிவப்பு அங்கி போட்டு நீதிபதிகளாக உட்கார்ந்த ஆயர்மார் வாயில் வைத்தால், இயேசுவைக் கொன்றவர்களும் நீங்களும் ஒன்று என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வேறு ஊர்க்காரன் கேட்டால் நல்ல பாட்டு என்று கை தட்டுவான். நம் ஊர்க்காரன் கேட்டால் செருப்பைக் கழற்றுவான். இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. நீ ஓடிவந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "ஜல்தி கிளம்பணும், பஸ்சுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்று நின்று ஊர்ந்தபோது, இறங்கித் திரும்பிப் போய் உன்னிடம் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ முறை நினைத்தேன். இறங்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. தொண்ணூற்று மூன்றாம் வருஷத் தவக்காலம். உனக்கு ஐந்து வயது. அதுவரை பாஸ்கா நடக்கும்போது தூங்கிப்போகிறவள், அந்த வருஷம் கண்ணை அகலத் திறந்துகொண்டு அம்மா மடியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டாய். மறுநாள் காலையில் நான் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உனக்கு ஊட்ட வந்தால், வாயை இறுக மூடிக்கொண்டாய். என் கையைப் பார்க்கிறாய், முகத்தைப் பார்க்கிறாய், அழுகிறாய். "அது வேஷம்டி, அப்பா சும்மா பாடினாரு" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்கு என் கையால் எதையும் வாங்கவில்லை நீ. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் அந்த வேஷம் கட்ட மாட்டேன் என்று ஊரில் போய்ச் சொன்னேன். அவ்வளவு அடித்தொண்டையில் பாட வேறு ஆள் இல்லை என்று கெஞ்சிக் கூத்தாடி மறு வருஷமும் கட்ட வைத்துவிட்டார்கள். நீயும் வளர்ந்தாய், நான் வீட்டில் அந்தப் பாட்டைப் பழகும்போது கூடவே பாடிக் கிண்டல் செய்ய ஆரம்பித்தாய். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் முன்பு உங்கள் குழுவில் யாரோ ஒத்திகையை செல்போனில் பிடித்து இன்னொருவருக்கு அனுப்ப, அது கைமாறிக் கைமாறி நம் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவரை உனக்குத் தெரியும், என்னோடு பாஸ்காவில் சீடர் வேஷம் கட்டியவர். மேடையில் பார்த்தால் அவ்வளவு சாந்தம். வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இன்னாப்பா இது, உன் பொண்ணு பண்ற வேலை? அந்த விஞ்ஞானி கதையப் போடட்டும், நான் வாணாம்ங்கல. ஆயருங்கள பாத்து அந்தப் பாட்டப் பாடறதா? நீ பாடுன பாட்டுப்பா அது. உனுக்கு ரோசம் இல்லியா?"

"சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று இழுத்தேன்.

"தெரியாமயா? பாஸ்கா பாத்து வளந்த பொண்ணு. தெரிஞ்சிக்கினுதான் போட்ருக்குது. அந்தப் பாட்டு மேடை ஏறிச்சின்னா, மூணாவது ஓலை அன்னிக்கி நான் எழுந்து கேப்பேன். திருச்சபைய அவமானப்படுத்தறவங்களுக்குத் திருச்சபையில கல்யாணம் இன்னாத்துக்குன்னு கேப்பேன். அப்பறம் என்னைக் கொற சொல்லாத."

அப்படிக் கேட்பதெல்லாம் சட்டப்படி தடை ஆகாது என்று எனக்குத் தெரியும். தடை என்றால் ஏற்கனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கின சொந்தமா, அந்த மாதிரிதான். ஆனால் கோயிலில் எல்லார் முன்னாலும் ஒருவர் எழுந்து நின்றாலே போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே உன் வருங்கால மாமியார் கிளியனூரிலிருந்து போன் செய்தார். "ஓலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்ங்களா சம்பந்தி?" என்று மட்டும்தான் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். எனக்கு அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே தோன்றியது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் உன்னிடம் சொல்ல முடியாமல் தவித்தது. சாமியாரிடம், அந்தப் பாட்டு நாடகத்தில் வராது என்று சொன்னேன். என் மகள் செய்தது தப்புதான், அவளே வருத்தப்படுகிறாள், அவள் சார்பாக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். நீ வருத்தப்படவும் இல்லை, நான் உன்னைக் கேட்கவும் இல்லை. சாமியார் இளம் வயது, நல்ல மனிதர். "அவங்களே சொன்னாங்களா ஐயா?" என்று கேட்டார். "ஆமாங்க சாமி" என்றேன். கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். பயம் வந்துவிட்டால் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள், போன ஞாயிறு இரண்டாவது. சத்தமே இல்லை. செயலாளர் வெளியே வந்து என் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. மிச்சத்தை உன்னிடம் எப்படியாவது பேசி, வேறு மெட்டு போடச் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

நீதிபதி வேஷம் கட்டிய பையன் திடீரென்று வராமல் போனதற்கு அவன் கோழை என்று நீ திட்டித் தீர்த்தாயே, அவனைத் திட்டாதே. அவன் பயந்து ஓடவில்லை. செயலாளர் அவனைக் கூப்பிட்டு, "அதான் அவங்க அப்பாவே பாட்டு இல்லன்னு சாமியார்கிட்ட சொல்லிட்டாரே, நீ இன்னும் எதுக்குப் போய்க்கினு இருக்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவே சொல்லிவிட்டார் என்றால் மகளுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று அவன் நின்றுவிட்டான். உன் ஆளை உன்னிடமிருந்து கழற்றிவிட்டது நான்தான் பாப்பா. அவன் போனை எடுக்கவில்லை என்று நீ என்னிடமே அழுதபோது, "விடு, போறவன் போகட்டும்" என்று உனக்கு ஆறுதல் சொன்னவனும் நான்தான். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வியாழக்கிழமை, மெட்டை மாற்றச் சொல்லத்தான் விழுப்புரம் வந்தேன். நீ நீதிபதியின் பாட்டை நீயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கீழ் சுருதிக்குப் போனதும் உன் குரல் காற்றாகிவிட்டது. ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றினார், அப்போது பாட்டு ஏதோ தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. நீ புத்தகத்தைத் தூக்கி எறிந்தாய். இதுதான் சமயம் என்று நான் பக்கத்தில் வந்து, "இந்த மெட்டு எதுக்கு பாப்பா? பேஜாரு புடிச்ச மெட்டு. வேற போடேன்" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நம்ம ஊருல எல்லாரும் நெனைக்கிற மாதிரி, ஆயருங்கள திட்டறதுக்காக நான் இதப் போடலப்பா. இந்தக் கதையில அந்த நீதிபதி கெட்டவன் இல்ல. அவனுக்கு அந்தக் கிழவர ரொம்பப் பிடிக்கும். ஊருல கலகம் வந்துடுமோ, வீடு போயிடுமோன்னு பயம். பயத்துலதான் அவர குனிய வைக்கிறான். ஒரு நல்ல மனுசன் பயந்துபோய் தீர்ப்பு சொன்னா அது எப்டி இருக்கும்னு யோசிச்சா, எனக்கு உன் குரல்தான் கேக்குது. நீ பாடும்போது எனக்குக் கொலைகாரன் மாதிரியே இருக்காது. எங்கப்பா ஏன் இப்டி சொல்றாருன்னுதான் இருக்கும்."

நீ என்னை நினைத்துத்தான் சொன்னாய், நல்லதாகத்தான் சொன்னாய். நான் சாமியார் வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியாது. மெட்டை மாற்றச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் அடுத்த காட்சி ஆரம்பித்துவிட்டது, கிழவரின் மகள் வருகிற காட்சி. கன்னியாஸ்திரி மடத்தில் இருந்த அந்தப் பெண், நீதிமன்றம் அப்பாவுக்குத் தண்டனையாக வாராவாரம் சொல்லச் சொன்ன ஜெபங்களை அவருக்குப் பதிலாகத் தான் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொள்கிறாள். இது கற்பனையா என்று கேட்டேன். நிஜமாகவே நடந்தது என்றாய். அவள் அப்பாவுக்கு எழுதிக் கேட்டாளா, கேட்காமலே செய்தாளா என்று கேட்டேன். "எழுதிச் சொல்லிட்டாப்பா, அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்கிற மாதிரி என்னைப் பார்த்தாய். பேருந்தில் வரும்போது அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சுமந்தது அப்பாவின் தண்டனையை. அப்பாவின் வார்த்தையை அவள் தொடவில்லை. நான் தொட்டது உன் வார்த்தையை. கிழவரைக்கூட அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். உன் விஷயத்தில் அந்த மரியாதையைக்கூட நான் கொடுக்கவில்லை, உனக்குத் தெரியாமலே உன்னை முழங்கால் போட வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடி சாமியாரிடம் போனேன். "சாமி, அன்னிக்கி நான் சொன்னது என் பொண்ணு சொன்னது இல்லைங்க. அவளை நான் கேக்கவே இல்ல. அவ வருத்தப்படல. பாட்டு இருக்குது" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பொய் சொன்னதுக்கு நீங்க பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கோங்க, அது தனி" என்றார். "ஓலையை நான் வாசிப்பேன் ஐயா. ஒரு பாட்டுக்காக ஓலையை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா தடை இருந்தா சொல்லுங்கன்னு சபையைக் கேட்டுத்தான் வாசிக்கணும். யாராவது எழுந்தா, உட்காருன்னு நான் வாயை அடைக்க முடியாது. அவங்க பேசினா பேசினதுதான். அதுக்கு நீங்க தயாரா இருங்க."

நான் தயாராக இல்லை. இந்த நிமிஷம்கூடத் தயாராக இல்லை. செயலாளரும் இன்னும் சிலரும் வேன் பிடித்து இன்று நாடகம் பார்க்க வருகிறார்கள் என்று காலையில் கேள்விப்பட்டதிலிருந்து மூன்று தடவை முகம் கழுவிவிட்டேன்.

கல்யாணமாகிப் போகிற மகளுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் அல்லவா, அதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். புதுச்சேரிக்குக் குடித்தனம் போகிறாய். சமையல், சிக்கனம், மாமியார் எல்லாவற்றையும் பற்றி உன் அம்மா ஏற்கனவே மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். நான் சொல்வது ஒன்றே ஒன்று. உனக்கும் உன் கணவருக்கும் நடுவில் பயம் வரும். அவருக்கு வேலை போய்விடுமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, யார் என்ன சொல்வார்களோ என்று வரும். வராமல் இருக்காது, நம் வீட்டு ரத்தத்தில் அது கொஞ்சம் அதிகம். அப்போது அவர் நன்மைக்குத்தானே என்று அவருக்குத் தெரியாமல் அவர் பேரால் எதையும் ஒப்புக்கொண்டு வந்துவிடாதே. அவரையும் அப்படிச் செய்ய விடாதே. சண்டை வந்தால் வரட்டும், கேட்டுவிட்டுச் செய். நான் உன்மேல் பாசம் இல்லாமல் அதைச் செய்யவில்லை, இருந்த பாசத்தில்தான் செய்தேன். அதனால்தான் அது தப்பு என்று தெரிய எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு நேற்று இரவே போன் செய்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். "நான் நாடகத்துக்கு வர்றேங்க மாமா, அம்மாவையும் கூட்டிக்கினு வர்றேன்" என்றார். அந்த அம்மா வந்து என்ன நினைப்பாரோ என்று அது வேறு ஒரு கவலை.

இனி நான் வந்த விஷயம். நீதிபதிக்கு ஆள் இல்லை. உன் குரல் அந்த இடத்துக்கு இறங்காது, அது உனக்கும் தெரியும். வார்த்தைகள் வியாழக்கிழமை கேட்டதிலேயே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. காலையில் பின்கட்டில் மெதுவாகப் பாடியும் பார்த்தேன், உன் அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பாடினால் ஒரு காரியம் நடக்கும் பாப்பா. நாளைக்கு ஓலை வாசித்ததும் எழுந்திருக்கிறவர் யாராக இருந்தாலும், மேடையில் நின்று பாடியவனைப் பற்றித்தான் முதலில் பேசியாக வேண்டும். என்னைப் பேசட்டும். ரோசம் இல்லையா என்று கேட்டவருக்கு நானே எழுந்து பதில் சொல்கிறேன். உன் பேர் அவர்கள் வாயில் வருவதற்கு முன்னால் என் பேர் வரட்டும், அதற்குத்தான் அப்பா.

ஆனால் இது என் ஆசை. நாடகம் உன்னுடையது. ஒருமுறை உன்னைக் கேட்காமல் உன் பேரால் பேசியவன், இன்னொருமுறை உன்னைக் கேட்காமல் உன் மேடையில் ஏற மாட்டேன். இவ்வளவும் படித்த பிறகு என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயம்தான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேனில் வந்தவர்களோடு ஊருக்குப் போகிறேன். மெட்டை மாற்றுவதும், பாட்டை வெட்டுவதும், அப்படியே வைப்பதும் நீ முடிவு செய்ய வேண்டியது. நான் இனி யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.

மண்டபத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருக்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன். பயம் போகவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தொண்டை சரியாகத்தான் இருக்கிறது.

அப்பா